கூண்டுக்குள் ஒரு பொந்து

ஒரு பெண் பட்ஜியை முட்டையிட வைக்க நான்கு தூண்டுதல்கள் போதும்: நீண்ட பகல், தட்டாத தீனி, காதில் விழும் ஆணின் குரல், நுழைந்து பார்க்க ஓர் இருண்ட பொந்து. காட்டில் இவை நான்கும் ஒருசேர வாய்ப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. கூண்டிலோ இவை ஆண்டு முழுக்கக் கிடைக்கின்றன. முட்டையே வராதது, வந்துகொண்டே இருப்பது, உள்ளே சிக்கிக்கொள்வது, பொரிக்காமல் போவது என்று வளர்ப்பவர்கள் சொல்லும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகின்றன. முட்டையிடலாமா வேண்டாமா என்று பறவை யோசித்து முடிவெடுப்பதில்லை. சூழலில் உள்ள அறிகுறிகளைப் பார்த்து அதன் உடல் முடிவெடுக்கிறது. அந்த அறிகுறிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் கூண்டுக்கு வெளியே இருப்பவரின் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் வாழும் சிறு கிளி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. கடைக்காரர்கள் அதை ‘ஆப்பிரிக்கன்’ என்று பிரித்துச் சொல்வார்கள். ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் 1840இல் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்; அதன்பின் அது உலகெங்கும் வீட்டுப் பறவையாகிவிட்டது. ஆனால் அதன் உடலில் ஓடுவது இன்னும் பாலைநிலத்துக் கணக்குதான். மழை பெய்து புல் விதை பிடிக்கும் இடத்தைத் தேடிக் கூட்டமாக அலைவது, அங்கே யூக்கலிப்டஸ் மரப் பொந்துகளில் மளமளவென்று முட்டையிட்டு, விதை தீருமுன் குஞ்சுகளை ஆளாக்கிவிடுவது, இதுவே அதன் வழி. காக்டெயிலும் ஜீப்ரா ஃபின்ச்சும் அதே நாட்டுப் பறவைகள், ஏறக்குறைய அதே போக்கு. அட்லாண்டிக் தீவுகளிலிருந்து வந்த கேனரி மட்டும் வசந்த காலத்தை ஒட்டியே கூடு கட்டும்.

இங்கே பேசப்படுவது இத்தகைய அயல்நாட்டுப் பறவைகளைப் பற்றி மட்டுமே. நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் தினைக்குருவிகளையும் பிடித்து வளர்ப்பதோ விற்பதோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றை இனப்பெருக்கம் செய்ய வைப்பது பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பகலும் பாட்டும்

1920களில் கனடாவின் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர், ஜங்கோ என்னும் சிறு குருவிகளைக் குளிர்காலத்தில் திறந்தவெளிக் கூண்டில் அடைத்து, இருட்டியபின் மின்விளக்கு ஏற்றிப் பகலை நாளுக்குச் சில நிமிடங்களாக நீட்டிக்கொண்டே போனார். வெளியே உறைபனி. குருவிகளின் விந்தகங்களோ வசந்தம் பிறந்துவிட்டதுபோல் பருத்தன. பறவையின் பருவத்தை நிர்ணயிப்பது வெயிலின் சூடல்ல, வெளிச்சத்தின் நேரம் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. 1930களில் ஃபிரான்சில் ழாக் பெனுவா வாத்துகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: இந்த வெளிச்சத்தை உணர பறவைக்குக் கண்கூடத் தேவையில்லை. மண்டையோட்டைக் கடந்து மூளையின் ஆழத்துக்குப் போய்ச் சேரும் ஒளியே இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தட்டியெழுப்பிவிடுகிறது.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. ஆனால் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தொங்கும் கூண்டுக்குப் பகல் காலை ஆறுக்குத் தொடங்கி, டியூப்லைட் அணையும் இரவு பதினொன்றுக்குத்தான் முடிகிறது. பதினேழு மணி நேரப் பகல் தமிழ்நாட்டில் எந்தப் பருவத்திலும் கிடையாது. பட்ஜியும் ஜீப்ரா ஃபின்ச்சும் பகல் நீளத்தை மட்டும் நம்பியிருப்பவை அல்ல, மழையும் விதையும் வந்தால் எந்த மாதத்திலும் கூடு கட்டுபவை என்பது உண்மைதான். ஆனாலும் பிற தூண்டுதல்கள் ஏற்கெனவே இருக்கும் கூண்டில் நீண்ட வெளிச்சம் எரிகிற அடுப்பில் ஊற்றிய எண்ணெய்.

அடுத்தது ஆண். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டேனியல் லேர்மன் ஒருவகைப் புறாக்களிடம் செய்த புகழ்பெற்ற ஆய்வுகளில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆண் தலை தாழ்த்திக் குனுகுவதைப் பார்த்த மாத்திரத்திலேயே பெண்ணின் சூலகம் வளரத் தொடங்கியது. தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பட்ஜியிடம் பார்வையைவிடக் குரல் முக்கியம். 1960களில் பார்பரா பிராக்வே என்ற ஆய்வாளர், ஆண் பட்ஜியின் உரத்த தொடர்பாட்டைக் கேட்பதே பெண்ணின் சூலகத்தைத் தூண்டிவிடுகிறது என்று காட்டினார். ‘ஆணைப் பிரித்து அடுத்த கூண்டில் விட்டாச்சு, இருந்தும் முட்டை வைக்கிறதே’ என்ற வியப்புக்கு விடை இதில் இருக்கிறது. ஒற்றை ஜோடியாக வளரும் பட்ஜிகள் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி வந்ததும் கூட்டுக்குள் புகுவதற்கும் இதையே காரணம் சொல்லலாம்: கூட்டத்தின் இரைச்சல் அவற்றுக்கு நல்ல காலத்தின் அடையாளம்.

ஆணே இல்லாத வீட்டிலும் பெண் முட்டையிடும். கோழி சேவலின்றி முட்டையிடுவது போலத்தான் இதுவும். கரு இருக்காது, அவ்வளவே. தனியாக வளரும் பெண் காக்டெயிலுக்குக் கூண்டில் மாட்டிய கண்ணாடியில் தெரியும் உருவமோ, முதுகை வருடிக்கொடுக்கும் எசமானரோ ஜோடி ஆகிவிடுவதுண்டு. கிளியினங்களில் முதுகையும் இறக்கைக்கு அடியையும் தொடுவது துணைக்கு மட்டுமே உரியது. தலையையும் கழுத்தையும் சொறிந்துவிடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எலும்பிலிருந்து ஓட்டுக்கு

பெரும்பாலான பறவைகளில் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. பறப்பதற்கு எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பரிணாமம் செய்த சிக்கனம் இது என்று கருதப்படுகிறது. கல்லீரலில் உருவாகும் கொழுப்பும் புரதமும் இரத்தத்தின் வழியே வந்து சூல்முட்டையில் மஞ்சள் கருவாகச் சேரப் பல நாட்கள் பிடிக்கும். முற்றிய மஞ்சள் கரு முட்டைக்குழலின் புனல் போன்ற வாய்க்குள் விழுந்தபின் வேலை வேகமெடுக்கிறது. கோழியில் வெள்ளைக் கரு சேர ஏறக்குறைய 3 மணி நேரம், உட்சவ்வுகளுக்கு ஒன்றேகால் மணி நேரம், ஓடு படிய மட்டும் சுமார் 20 மணி நேரம். பயணத்தின் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுக்கே செலவாகிறது. ஜீப்ரா ஃபின்ச்சும் கேனரியும் நாளுக்கொரு முட்டையிடும். பட்ஜி, காக்டெயில், லவ் பேர்ட் ஆகியவை ஒன்றுவிட்டு ஒருநாள்.

ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஒரு கோழி முட்டையின் ஓட்டில் உள்ள 2 கிராம் கால்சியம், அந்தக் கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இவ்வளவையும் ஒரே இரவில் உணவிலிருந்து எடுக்க முடியாது என்பதால், முட்டையிடும் முன் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் பெண் பறவையின் கால் எலும்புகளின் உட்குழிவில் புதிதாக ஒரு எலும்புத்திசு வளர்கிறது. முட்டை ஓட்டுக்காகவே சேர்த்துவைக்கும் கையிருப்பு அது. ஓடு உருவாகும் இரவில் அந்தக் கையிருப்பு கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. மறுநாள் தீனியால் மீண்டும் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் அடுத்த முட்டைக்கு உண்மையான எலும்பே கரையும். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜி பத்துப் பன்னிரண்டு நாளில் ஐந்தாறு முட்டையிடுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், கூண்டில் கால்சியத்துக்குத் தனி ஏற்பாடு ஏன் தேவை என்பது விளங்கும்.

தினையும் சாமையும் கம்பும் மட்டும் போட்டு வளர்க்கும் கூண்டில் அந்த ஏற்பாடு இல்லை. விதைகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதிகப்படியான பாஸ்பரஸ் இருக்கிற கால்சியத்தையும் உடலில் சேரவிடாது. எளிய தீர்வு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை, அதாவது கணவாய் மீனின் உள்ளோடு. நன்றாகக் கழுவி உலர்த்திக் கம்பியில் மாட்டிவைத்தால் போதும். மாதக்கணக்கில் திரும்பியும் பாராத பெண் பட்ஜி, முட்டைக்கு முந்தைய நாட்களில் அதைக் கரகரவென்று சுரண்டித் தின்னத் தொடங்கும். மூக்கெல்லாம் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். முட்டை நெருங்குகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான அறிகுறிகள் அதிகமில்லை. பெண்ணின் மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள மெழுகு போன்ற பகுதி கருத்த பழுப்பு நிறமாகிச் சொரசொரப்பாவது இன்னொன்று.

முருங்கைக்கீரை கால்சியம் மிகுந்தது, பறவைகளும் விரும்பித் தின்னும். பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால் அது இந்த வேலைக்கு உதவாது. கால்சியம் உடலில் ஏற வைட்டமின் டி வேண்டும். அதற்குத் தோலில் படும் நேரடி வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தேவையான புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். காலை இளவெயிலில், பாதி நிழல் இருக்கும்படி, கூண்டைச் சற்று நேரம் வெளியே வைப்பது எந்த டானிக்கையும்விட மேல். குடிநீரில் கால்சியம் டானிக்கைக் கணக்கில்லாமல் ஊற்றும் பழக்கம் சிறுநீரகத்தில் போய் முடியும். முளைகட்டிய பச்சைப்பயறும், வேகவைத்து மசித்த முட்டையும் புரதத்துக்கு நல்லவை. சூரியகாந்தி விதையை அள்ளிப் போடுவதால் சேர்வது கொழுப்பு மட்டுமே, கொழுத்த பறவைக்கு முட்டையிடுவது கடினம்.

பானையா, பெட்டியா

பட்ஜி கூடு கட்டுவதில்லை. அதற்கு வேண்டியது ஒரு துளையும் துளைக்குப் பின்னால் இருட்டும்தான். தமிழ்நாட்டில் பக்கவாட்டில் துளையிட்ட சிறு மண்பானை இந்த இடத்தைப் பிடித்திருப்பது சும்மா அல்ல. மண் மூச்சு விடும், வெயிலில் மரப்பெட்டியைப் போல் கொதிக்காது. அடி இயல்பாகவே குழிந்திருப்பதால் முட்டைகள் நடுவில் சேர்ந்து நிற்கும். விலை மலிவு என்பதால் ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம். குறை என்னவென்றால் உள்ளே நடப்பது தெரியாது. கைவிட்டுத் துழாவத்தான் வேண்டும், அதில் முட்டை உடைவதுண்டு.

மரப்பெட்டியில் மேல்மூடியைத் திறந்து பார்க்கலாம். பட்ஜிக்கு 15 செ.மீ. அகலமும் 20 முதல் 25 செ.மீ. உயரமும் 4 முதல் 5 செ.மீ. துளையும் போதும்; காக்டெயிலுக்கு எல்லாப் பக்கமும் 30 செ.மீ. அளவில், 7 அல்லது 8 செ.மீ. துளையுடன். பெட்டியின் அடிப்பலகையில் குழி தோண்டியிருப்பது கட்டாயம். சமதளத்தில் முட்டைகள் சிதறிக் குளிர்ந்துபோகும். அதைவிட மோசம், வழுக்கும் தரையில் வளரும் குஞ்சின் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து அப்படியே நிலைத்துவிடும். எலும்பு இளசாக இருக்கும் முதல் சில நாட்களில் கால்களைச் சேர்த்து மென்மையாகக் கட்டினால் சரியாகலாம், தாமதித்தால் வாழ்நாள் ஊனம். காக்டெயிலுக்கு மரச்சீவலை இரண்டு மூன்று விரல்கடை பரப்பிவைப்பது வழக்கம்.

ஃபின்ச்சுகளின் கதை வேறு. அவை கட்டும். தேங்காய் நார், காய்ந்த புல், கோழி இறகு என்று எது கிடைத்தாலும் ஆண் கொண்டுவந்து திணிக்கும். பிரச்சினை, நிறுத்தத் தெரியாது. இட்ட முட்டைகளின் மேலேயே புது நாரைப் பரப்பி, அதன்மேல் மறுபடி முட்டையிட்டு, அடியில் உள்ளவை குளிர்ந்து வீணாகும்வரை ஜீப்ரா ஃபின்ச் கட்டிக்கொண்டே போகும். முதல் முட்டையைக் கண்ட அன்றே மிச்ச நாரை எடுத்துவிட வேண்டும்.

ஆப்பிரிக்க லவ் பேர்டுகளில் கட்டுவது பெண். காகிதத்தையோ ஓலையையோ அலகால் ஒரே அகலத்தில் நறுக்கென்று கீறி நீண்ட பட்டைகளாக்கும். பார்க்க வேண்டிய கைத்திறன். முகம் சிவந்த இனம் அந்தப் பட்டைகளைப் பின்புற இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும், ஃபிஷர் இனம் அலகில் கவ்விக்கொண்டு போகும். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டில்கர் இவ்விரண்டையும் கலந்து உருவாக்கிய கலப்புப் பறவைகள் பட்டையை இறகில் செருகப் பார்த்து, விடாமல் கவ்விக்கொண்டே நின்று, மீண்டும் செருகப் பார்த்து, ஒன்றும் உருப்படாமல் திணறின. அலகில் தூக்கிச் செல்வதே நடக்கிற காரியம் என்று அவை ஓரளவு பழக ஆண்டுகள் ஆயின. கூடு கட்டும் முறை மரபில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு 1960களின் இந்த ஆய்வு இன்றும் பாடநூல் எடுத்துக்காட்டு. வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய செய்தி: வேண்டும்போது அச்சடிக்காத தாளோ ஓலையோ கொடுக்கலாம், வேண்டாதபோது ஒரு துண்டுத் தாள்கூடக் கூண்டில் கிடக்கக் கூடாது.

பல ஜோடிகள் ஒரே கூண்டில் இருந்தால் பானைகளின் எண்ணிக்கை ஜோடிகளைவிடக் கணிசமாக அதிகமாகவும், எல்லாம் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். உயரத்தில் ஒன்று தொங்கினால் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வேண்டும். பெண் பட்ஜிகள் பொந்துக்காகப் போடும் சண்டை இரத்தம் பார்க்கும், அடுத்த கூட்டுக் குஞ்சுகளைக் கொன்று போடுவதும் உண்டு. ஜோடி சேராத பெண்ணை அந்தக் கூண்டில் விட்டுவைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

நம் ஊருக்கே உரிய எதிரி எறும்பு. பொரித்த குஞ்சின் ஈரத்துக்கு ஒரே இரவில் சாரை சாரையாக வந்துவிடும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது, தொங்கும் கூண்டானால் கம்பியில் தண்ணீர்க் குப்பி வைப்பது பழைய, பலன் தரும் முறைகள். பறவைப் பேன் இன்னொன்று. பகலில் பெட்டியின் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செம்பேனைக் கண்டுபிடிக்க, இரவில் கூட்டின் மேல் வெள்ளைத் துணி போட்டுக் காலையில் அதில் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றனவா என்று பார்க்கலாம்.

அடையும் பொரிப்பும்

பெண் பட்ஜிக்குக் குறைந்தது பத்து மாதம், காக்டெயிலுக்கு ஒன்றரை வயது ஆகும்வரை பானையோ பெட்டியோ வைக்காமல் இருப்பது நல்லது. உடல் தயாராகும் முன்பே ஆசை வந்துவிடும் என்பதுதான் சிக்கல். ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும்.

பட்ஜியில் அடை காப்பது பெண் மட்டும். ஏறக்குறைய 18 நாட்கள், எச்சமிட மட்டுமே வெளியே வரும்; அடக்கிவைத்து ஒருமொத்தமாக இடும் அந்த எச்சம் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாக, நாற்றத்துடன் இருப்பதைக் கண்டு நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆண் வாசலில் நின்று இரையைக் கக்கி ஊட்டும். காக்டெயிலில் முறை போட்டுக்கொள்வார்கள்: பகலில் பெரும்பாலும் அப்பா, இரவில் அம்மா, மூன்று வாரம் வரை. ஜீப்ரா ஃபின்ச்சிலும் இருவரும்தான், பன்னிரண்டிலிருந்து பதினான்கு நாட்கள். லவ் பேர்டுக்கு 22, 23 நாட்கள்.

ஐந்தாறு நாள் அடைகாத்தபின் முட்டையில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருட்டறையில் செல்பேசி டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்தால், கருவுள்ள முட்டைக்குள் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நாலா பக்கமும் கிளைவிடும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரியும். கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளி துடிப்பதும் தெரியும். கூமுட்டை உள்ளே ஒன்றுமில்லாமல் மஞ்சளாக ஒளிரும். நாட்கள் போகப் போகக் கருவுள்ள முட்டை கருத்துக்கொண்டே வந்து, காற்றறை மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். எல்லாமே கூமுட்டை என்றால் முதலில் பார்க்க வேண்டியது உட்காரும் குச்சி ஆடுகிறதா என்பதைத்தான். குச்சி உருண்டால் இணைசேர்தல் முழுமையாகாது. ஏழெட்டுக்கு மேல் முட்டைகள் குவிந்து ஒன்றும் பொரிக்கவில்லை என்றால் இருப்பது பெரும்பாலும் இரண்டு பெண்கள். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும் லவ் பேர்டுகளில் இது சாதாரணம், ‘கன்ஃபர்ம் ஜோடி’ என்று சொல்லி விற்ற ஜோடியிலும்கூட.

முட்டைக்கு உகந்த வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியது. காற்றே 40ஐத் தாண்டும் அக்கினி நட்சத்திர நாட்களில் தாய் எழுந்து நின்றாலும் கரு வெந்துவிடும். சித்திரை, வைகாசியில் பானைகளைக் கழற்றிவிட்டுப் பறவைகளுக்கு ஓய்வு கொடுப்பது அதனால்தான் அறிவுடைமை. காற்று மிகவும் உலர்ந்திருந்தால் முட்டையின் உட்சவ்வு தோல்போல் இறுகிக் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும். தாய் குளிக்க ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் நனைந்த வயிற்றோடு வந்து உட்கார்ந்து அந்த ஈரத்தை அதுவே ஏற்றிவிடும்.

பட்ஜி முதல் முட்டையிலிருந்தோ இரண்டாவதிலிருந்தோ அடையில் உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகளும் ஒன்றுவிட்டு ஒருநாள் பொரிக்கும். மூத்தது இறகு முளைத்து நிற்கையில் கடைக்குட்டி கண் திறக்காமல் கிடக்கும். இருந்தும் கடைக்குட்டி பிழைப்பதற்குக் காரணம், தாய் பெரியவற்றின் கூச்சலுக்கு மசியாமல் சிறியதற்கு முதலில் ஊட்டுவது. கேனரி வளர்ப்பவர்கள் இந்த இடைவெளியையே ஒழித்துவிடுவார்கள்: முதல் மூன்று முட்டைகளை இட்ட அன்றே எடுத்து, போலி முட்டைகளை வைத்துவிட்டு, நான்காவது வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி வைத்தால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்கும்.

பட்ஜிக் குஞ்சுகள் 30 முதல் 35 நாளில் வெளியே வரும். பானை இருக்குமிடத்தில் தாய் அதற்குள்ளேயே அடுத்த ஈட்டைத் தொடங்கி, இடத்தைக் காலி செய்ய மூத்த குஞ்சுகளின் இறகைப் பிடுங்கத் தொடங்கும். அப்போது குஞ்சுகளைப் பிரித்து அப்பாவிடம் விட்டால் ஊட்டி ஆளாக்கிவிடும். பெற்றோர் கைவிட்ட முட்டைகளை, ஏறக்குறைய அதே நாளில் இட்ட இன்னொரு ஜோடியின் கூட்டில் கலந்துவிடலாம். அடைக்கு அலுக்காத பெங்காலிஸ் ஃபின்ச்சிடம் கூல்டியன் ஃபின்ச்சின் முட்டைகளை ஒப்படைப்பது உலகெங்கும் நடக்கிறது.

முட்டை சிக்கினால்

நேற்றுவரை சுறுசுறுப்பாக இருந்த பெண் பறவை உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். வால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடும். கால்களை அகட்டி முக்கும்; சில வேளை ஒரு கால் செயலிழந்தது போல் தொய்ந்திருக்கும், சிக்கிய முட்டை இடுப்பு நரம்பை அழுத்துவதால். எச்சம் வராது. அடிவயிற்றைத் தொட்டால் உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்படும். முட்டை சிக்கிவிட்டதன் அறிகுறிகள் இவை, இங்கே மணிக்கணக்கு முக்கியம்.

முட்டையை வெளியே தள்ளுவது தசை. தசை சுருங்க இரத்தத்தில் கால்சியம் வேண்டும். அது தீர்ந்த பறவைக்கு ஓடும் மெலிந்திருக்கும், தள்ளும் வலுவும் இருக்காது. ஒரே குறை இரண்டு வழியில் தாக்குகிறது. முதல் முட்டை, இளம் வயது, கொழுப்பு, ஓயாத ஈடுகள், குளிர் ஆகியவை மற்ற காரணங்கள்.

வீட்டில் செய்யக் கூடியது கொஞ்சம்தான். பறவையைத் தனியாக ஒரு சிறு பெட்டியில் விட்டு, 30 டிகிரியை ஒட்டிய சூட்டில், ஈரத்துணி வைத்துக் காற்றில் ஈரம் சேர்த்து, வெளிச்சத்தைக் குறைத்து, தண்ணீர் எட்டும்படி வைத்துவிட்டு, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக ஆயத்தமாக வேண்டும். வயிற்றை அமுக்கிப் பிதுக்குவது கொலைக்குச் சமம்: உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத்துண்டு குழலைக் கிழிக்கும். எச்சத்துளையில் விளக்கெண்ணெய் விடும் கைவைத்தியம் எங்கும் சொல்லப்படுகிறது. முட்டை நிற்பது அங்கே அல்ல, உள்ளே இறுகிய தசையின் பின்னால் என்பதால் அதனால் இழப்பது நேரம்தான். மருத்துவர் கால்சியம் ஊசி போட்டு, திரவம் ஏற்றி, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். அதற்கும் மசியாவிட்டால் ஊசியால் முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சி, சுருங்கிய ஓட்டை வெளியேற்றுவார். முக்கியதில் குழல் வெளியே தள்ளிச் சிவப்பாகத் தெரிந்தால் சலைனால் நனைத்தபடியே, உலரவிடாமல் கொண்டுபோக வேண்டும்.

நிறுத்தும் வழி

1883இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒருவர் ஃபிளிக்கர் என்னும் மரங்கொத்தியின் கூட்டிலிருந்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்து, நாள்தோறும் முட்டையை எடுத்துக்கொண்டே இருந்தார். ஏழெட்டோடு நிறுத்தியிருக்க வேண்டிய பறவை 73 நாளில் 71 முட்டையிட்டது. வயிற்றுக்கு அடியில் போதுமான முட்டைகள் சேர்ந்தால்தான் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் உயர்ந்து சூலகம் அடங்கி, பறவை அடைக்கு உட்காரும். அது சேராதவரை இட்டுக்கொண்டே இருக்கும் பறவைகள் பல. கோழிப்பண்ணை இயங்குவதே இதை நம்பித்தான். குஞ்சு வேண்டாம் என்று நினைப்பவர் முட்டையைக் கண்டதும் எடுத்து எறிவது, அதனால், நேர் எதிரான பலனைத் தருகிறது.

முட்டைகளை விட்டுவைப்பதே சரி. ஆண் கூட இருந்தால் இட்ட ஓரிரு நாளுக்குள் எடுத்து வேகவைத்து ஆறவிட்டோ, அதே அளவிலான பிளாஸ்டிக் முட்டைகளை மாற்றியோ வைக்கலாம். பறவை மூன்று வாரம் போல உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்து போகும். அதற்குப் பிறகு முட்டைகளையும் பானையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். முட்டையை விட்டுப் பானையை மட்டும் பாதியில் பிடுங்கினால் தீனிக் கிண்ணத்திலோ தரையிலோ தொடர்ந்து இடும்.

பிறகு தூண்டுதல்களை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். கூண்டை மாலை ஆறு மணிக்கே, தொலைக்காட்சி வெளிச்சம் எட்டாத அறையில் இருட்டில் வைத்து, நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. மெல்லிய துணி போர்த்துவது இருட்டாகாது. துணிக்கூடாரம், அட்டைப்பெட்டி, கவிழ்த்த கிண்ணம் என்று பொந்தாகத் தோன்றும் எதுவும் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் உலவும் காக்டெயில் சோபாவுக்கு அடியையோ அலமாரி இடுக்கையோ தேர்ந்தெடுத்திருந்தால் அந்த வழியை அடைத்துவிட வேண்டும். கண்ணாடியைக் கழற்றலாம். மசித்த முட்டை, முளைப்பயறு, சூடான சோறு போன்ற செழிப்பின் அறிகுறிகளை நிறுத்தலாம். ஆனால் கால்சியத்தை நிறுத்தவே கூடாது. கூண்டின் இடத்தையும் குச்சிகளின் அமைப்பையும் மாற்றினால், பழகாத இடத்தில் கூடு வைக்கத் துணியாத தயக்கம் பறவைக்கு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்காத பறவைகள், குறிப்பாகத் தனிப் பெண் காக்டெயில்கள், உண்டு. அவற்றுக்கு மருத்துவர் லியூப்ரோலைடு ஊசியோ, தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் உள்வைப்போ பரிந்துரைக்கலாம். இரண்டும் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் ஹார்மோன் கட்டளையைத் துண்டிப்பவை. ஊசியின் பலன் சில வாரங்கள், உள்வைப்பின் பலன் சில மாதங்கள். பின்னர் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். சிறு கிளிகளில் சூலகத்தை அகற்ற முடியாது. அது பெரிய இரத்தக்குழாய்களோடு ஒட்டியிருக்கிறது. முட்டைக்குழலை மட்டும் அகற்றும் அறுவை உண்டு, அதிலும் ஆபத்து அதிகம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் கசிந்து அழற்சி கண்ட பறவைகளுக்கோ, மீண்டும் மீண்டும் முட்டை சிக்கும் பறவைகளுக்கோ மட்டுமே அது செய்யப்படுகிறது.